மாதம் 52,000 இல்லமும் 27,000 இல்லமும்: படுத்த படுக்கையான அம்மாவுக்குக் கிடைத்த கவனிப்பு

கோயம்புத்தூரில் கட்டணம் வாங்கும் முதியோர் இல்லங்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே என்ற குடும்பங்கள் அதிகம், தண்ணியும் காற்றும் நன்றாக இருக்கும் என்ற பெயரும் ஊருக்கு உண்டு. மெட்ராஸ்காரர்கள்கூட ஓய்வுக்கு இங்கே வருகிறார்கள். 12,000 ரூபாயிலிருந்து லட்சத்தைத் தொடுவது வரை எல்லா விலையிலும் இடம் இருக்கிறது. அவற்றில் இரண்டில் என் அம்மா இருந்திருக்கிறார், இரண்டாவதில் இப்போதும் இருக்கிறார். மூன்றாவதாக மலிவான ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பெயர்கள் எழுதப் போவதில்லை. இந்தத் தொழிலில் ஆட்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள், ஆட்கள் மாறினால் இல்லமே மாறிவிடுகிறது. பெயரை வைத்துத் தேடுவதைவிட எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது உபயோகமாக இருக்கும்.

அம்மாவுக்கு 84 வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், நினைவு மட்டும் சுத்தம். தானாகப் புரண்டு படுக்க முடியாது. விழுங்குவது மெதுவாகத்தான். நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் காஸ்டிங், அதாவது செலவுக் கணக்கு, பார்க்கிறவள், அண்ணன் டல்லாஸில். பாதிப் பணம் அவருடையது, அலைச்சல் என்னுடையது.

முதல் இடம் ஊருக்கு மேற்கே, மலை தெரியும் இடத்தில். மாதம் 52,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி, முன்பணம் ஒன்றரை லட்சம். தனி அறை, ஏசி, மோட்டாரில் ஏறி இறங்கும் கட்டில், சக்கர நாற்காலி நுழையும் குளியலறை, தலைமாட்டில் மணி. தோட்டத்தைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. வரவேற்பில் பூ வைத்திருப்பார்கள். அம்மா குளித்துத் தலை சீவி உட்கார்ந்திருக்கும் போட்டோ தினமும் காலை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். டல்லாஸில் அதைப் பார்க்கிறவருக்கு நிம்மதியாக இருக்கும். அதற்காகத்தான் அதை அனுப்புகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எடுத்தவுடன் எனக்கு உறுத்தியது சாப்பாடு. சமையல் நன்றாகவே இருந்தது, அதில் தகராறு இல்லை. மூடி போட்ட தட்டில் அழகாக வரும். ஆனால் அம்மாவுக்கு ஒரு வேளை ஊட்டி முடிக்க முப்பது, நாற்பது நிமிடம் ஆகும். ஒரு கரண்டி வாயில் வைத்து, அவர் அதை நாக்கால் தள்ளித் தள்ளி விழுங்கி, தொண்டை அசைந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரையேறும், புரையேறினால் சோறு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். அந்த மாடியில் பகலில் மூன்று ஆயாம்மாக்கள், பதினெட்டு முதியவர்கள். ஊட்ட வருகிற பெண் ஏழெட்டுக் கரண்டி கொடுப்பார், அதற்குள் பக்கத்து அறையில் மணி அடிக்கும், போய்விடுவார். தட்டு பாதியோடு திரும்பிப் போகும். சேரும்போது 47 கிலோ இருந்த அம்மா 42-க்கு வந்துவிட்டார்.

மேனேஜரிடம் கேட்டேன். "மேடம், பாட்டி கோ-ஆபரேட் பண்றதில்லை. மூக்கு வழியா ட்யூப் போட்டுட்டா நியூட்ரிஷன் கரெக்டா போயிடும், நீங்களும் டென்ஷன் ஆக வேண்டியதில்லை" என்றார். ட்யூப் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. விழுங்கவே முடியாதவருக்கு வேறு வழி கிடையாது. ஆனால் என் அம்மா விழுங்குவார், மெதுவாக விழுங்குவார். ட்யூப் வழியாக ஊட்ட அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும், அவ்வளவுதான் வித்தியாசம். சிறுநீர்க் குழாய், படுக்கையில் கையைத் துணியால் கட்டுவது, ராத்திரி தூக்க மாத்திரை, இவற்றைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் முதலில் ஆள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நோயாளிக்குத் தேவையா, டியூட்டியில் இருப்பவருக்குத் தேவையா என்று அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது முதுகு. படுத்தே இருப்பவரை, படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்கிற விஷயம். ஏர் பெட் என்கிற காற்று மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். அறைக் கதவில் அதற்கென்று ஒரு சார்ட் தொங்கும்: இடது, மல்லாக்க, வலது, கையெழுத்து. ஒரு நாள் மாலை நாலரைக்குப் போனபோது அந்தச் சார்ட்டில் ஆறு மணிக் கட்டத்திலும் எட்டு மணிக் கட்டத்திலும் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் எழுதிய ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரி இருந்தது. அம்மாவைத் திருப்பி இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் நல்ல தோல் ஒரு கணம் வெளுத்துத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அதுதான். அடுத்த வாரம் தோல் உரிந்துவிட்டது.

அந்தப் பெண்களைத் திட்டி எழுத எனக்கு மனசில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த மாடியில் தானாகப் புரள முடியாதவர்கள் பதினோரு பேர். ஒருவரைப் புரட்டி, டயப்பர் மாற்றி, துடைத்து, தலையணை வைக்கப் பத்து நிமிடம், அதுவும் இரண்டு பேர் சேர்ந்தால். ஆக, ஒரு சுற்று 110 நிமிடம். ராத்திரி டியூட்டியில் ஒரே ஒரு ஆயாம்மா. சிஸ்டர் மூன்று மாடிக்கும் பொது. அந்தப் பெண் மனுஷியாக இல்லாமல் மெஷினாகவே இருந்தாலும் அந்தச் சார்ட்டை உண்மையாக நிரப்ப முடியாது. நிர்வாகத்துக்கும் இது தெரியும். அதனால்தான் யாரும் சார்ட்டைக் கேள்வி கேட்பதில்லை.

அண்ணனிடம் சொன்னபோது, "இவ்வளவு குடுத்தும் இப்படியா? இன்னும் நல்ல இடமா பாரு, எழுபது எண்பதுன்னாலும் பரவால்ல" என்றார். இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். விலை ஏற ஏறக் கவனிப்பும் ஏறும் என்பது அவர் கணக்கு. நான் ஒரு காஸ்ட் ஷீட் போட்டு அனுப்பினேன். இங்கேயும் போடுகிறேன். இது என் ஊர் விலையை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு, உங்கள் ஊரில் ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும்.

ஒரு ஆயாம்மாவுக்குச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 18,000 என்று வையுங்கள். பகலில் ஆறு பேருக்கு ஒருவர் என்றால் ஒரு கட்டிலுக்கு 3,000. ராத்திரி எட்டுப் பேருக்கு ஒருவர் என்றால் 2,250. வார லீவு, ஊருக்குப் போவது, காய்ச்சல் என்று மாற்றாள் வைக்க இருபது சதவீதம் சேர்த்தால் 6,300. நாள் முழுக்க ஒரு சிஸ்டர் இருக்க நான்கு பேர் வேண்டும், ஆளுக்கு 22,000 என்றால், இருபது கட்டிலுக்குப் பிரித்து 4,400. சாப்பாடு நாளுக்கு 150 என்று 4,500. துணி துவைக்க, கரண்ட், தண்ணி, பினாயில் 2,000. வாடகை 2,500. மொத்தம் 19,700. நடத்துகிறவருக்கு ஒரு பைசா லாபம் இல்லாமல் இது.

இதிலிருந்து எனக்குத் தெரிந்தது இரண்டு. படுத்த படுக்கையானவரை 12,000-க்குப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு இடம் சொன்னால், நன்கொடை வர வேண்டும், இல்லாவிட்டால் ஆளைக் குறைத்திருக்க வேண்டும். நான் பார்த்துத் திரும்பிய மலிவான இடம் அப்படித்தான். நடத்துகிற தம்பதி தங்கமான மனிதர்கள், ஆனால் முப்பது கட்டிலுக்கு இரண்டு பெண்கள். பத்து மணிக்கு வாசலில் நுழையும்போதே மூத்திர வாடை. அங்கே தரத்தைக் குறைத்தது விலைதான், சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, அந்த 19,700-ஐத் தாண்டிய பிறகு விலை எதையும் சொல்வதில்லை. 52,000 வாங்குகிற இடம் ஆயாம்மாக்களை இரட்டிப்பாக்க விரும்பினால் ஒரு கட்டிலுக்குக் கூடுதலாக ஆகும் செலவு 6,300-க்குள்தான். அவர்கள் அதைச் செய்யவில்லை. பணம் தனி அறைக்கும், தோட்டத்துக்கும், முன் அலுவலக ஆட்களுக்கும், விளம்பரத்துக்கும் போகிறது. சேர்க்க வருகிற பிள்ளைகள் பகல் பதினொரு மணிக்கு வருகிறார்கள், அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது இவைதான். ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதை யாரும் வந்து பார்ப்பதில்லை.

அண்ணன் ஊரில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2008-லிருந்து ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் (அங்கே அது முதியோர் பராமரிப்பு இல்லம்) ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு வெளியிடுகிறது. அரசு ஆய்வு, பணியாளர் நேரம், நோயாளிகளின் நிலை மூன்றையும் சேர்த்து வருவது அந்த மார்க். முன்பு பணியாளர் எண்ணிக்கையை இல்லங்களே எழுதிக் கொடுத்தன. 2016-லிருந்து சம்பளப் பதிவேட்டு விவரத்தை அனுப்பச் சொல்லி, 2018-லிருந்து நட்சத்திரத்துக்கும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் தொழில்காரர் யாரோ யோசித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், ஆளைப் பற்றிச் சொல்வதில் சம்பளப் பட்டியல்தான் கொஞ்சமாகப் பொய் சொல்லும். 2022-லிருந்து சனி ஞாயிறு எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துவிட்டார்கள். அதனால் அங்கே எல்லா இல்லமும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அண்ணனே நிறையக் கதை சொல்வார். ஆனால் பார்க்க ஒரு எண் இருக்கிறது.

நமக்கு இருப்பது கூகுள் நட்சத்திரம். முதல் இடத்துக்கு 4.7. படித்துப் பார்த்தால் பாதி, நவராத்திரி கொலுவையும் தோட்டத்தையும் பாராட்டியது. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேராவது தங்கும் அளவில், வசதியற்ற முதியோருக்கு அரசு இல்லம் தொடங்கலாம் என்கிறது. அது நம்மைப் போலக் காசு கொடுத்துச் சேர்க்கிறவர்களுக்கான பேச்சு இல்லை. மெடிக்ளெய்மும் இதற்கு உதவாது, 70 வயது ஆனவர்களுக்கும் 2024-ல் விரித்த ஆயுஷ்மான் பாரத் அரசுக் காப்பீடும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். மாதாந்திரக் கட்டணம் முழுக்கக் கைக்காசு. ஒரு விஷயம் மட்டும் பாக்கெட்டைக் காக்கும்: வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளையாகப் பதிவான இல்லம் 60 வயதுக்கு மேற்பட்டவரிடம் தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

இனி இரண்டாவது இடம். சிங்காநல்லூர் பக்கம் ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டியது. மாதம் 27,000, முன்பணம் ஒரு மாதக் கட்டணம். நடத்துகிறவர் அரசு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்க லட்சணமாக எதுவும் இல்லை. ஹாலில் நான்கு கட்டில், நடுவே பச்சைத் திரை. லிஃப்ட் இல்லை. பினாயில் நெடி மூக்கில் ஏறும். சாயங்காலம் சீரியல் சத்தம் தெருவுக்குக் கேட்கும். கொசு உண்டு, வலை கட்டியும் உண்டு. பில்லைக் கையால் எழுதி ஐந்தாம் தேதி வர வேண்டியதைப் பன்னிரண்டாம் தேதி கொடுப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு நாள்தான், ஒரு முறைக்கு 500 தனி. அம்மா ஒரு காலத்தில் யார் முன்னாலும் தலை வாரிக்கொள்ளாதவர். இன்னொருவரைப் பார்க்க வந்த ஆண்கள் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது அவர் முகம் சுருங்குவதை நான் பார்க்கிறேன். தனி அறையைக் கண்டிப்பாக இழந்திருக்கிறார். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

முதல் நாள் நான் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றபோது நடத்துகிறவர் சொன்னது: "ஏனுங்க அம்மிணி, சாப்பாட்டு நேரத்துக்கு வர்றதுன்னா வாங்க, வேண்டாங்கல. ஆனா சும்மா நின்னு பாத்துட்டுப் போகாதீங்க. கையைக் கழுவிட்டு நீங்களும் நாலு வாய் ஊட்டுங்க." முதல் இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பார்வையாளருக்கு அனுமதியே இல்லை, 'பிரைவசி' என்பார்கள்.

இங்கே ஊட்டுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். கட்டிலை நிமிர்த்தி, அம்மாவின் விழுந்துபோன வலது தோளுக்கு அடியில் ஒரு தலையணை. ஆயாம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நின்றுகொண்டு ஊட்டினால் பாட்டி அண்ணாந்து பார்ப்பார், புரையேறும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ரசம் சாதம் நன்றாக மசித்தது. கரண்டியை இடது கடைவாய்ப் பக்கமாகக் கொடுக்கிறார், ஏனென்றால் வலது பக்கம் உணர்வு இல்லை, சோறு கன்னத்திலேயே தங்கிவிடும். இரண்டு மூன்று வாய்க்கு ஒருமுறை விரலால் வலது கன்னத்தைத் தடவிப் பார்க்கிறார். முடிந்த பிறகு அரை மணி நேரம் படுக்க விடுவதில்லை. அந்த அரை மணியும் சீரியல்தான், அம்மாவுக்கு அதில் ஒரு வில்லியை ரொம்பப் பிடித்துவிட்டது. எடை 45-க்கு ஏறியிருக்கிறது. முதுகுப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

ஆள் கணக்கு: பதினாறு கட்டில். பகலில் மூன்று பேர், ராத்திரி இரண்டு பேர், எந்நேரமும் ஒரு சிஸ்டர். புரட்ட வேண்டியவர்கள் ஒன்பது பேர், தொண்ணூறு நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. இங்கும் சார்ட் உண்டு. கசங்கி, மஞ்சள் கறையோடு, மூன்று நிற மையில் இருக்கும். ஒரு கட்டத்தில் 'வலி என்றார், மல்லாக்கவே விட்டோம்' என்று எழுதியிருந்தது. உண்மையாக எழுதுகிற சார்ட்டில்தான் இப்படி ஒரு வரி வரும்.

வேலை செய்கிற பெண்களில் இருவர் திண்டுக்கல் பக்கம், ஒருவர் ஜார்க்கண்ட். கோயம்புத்தூரில் இப்போது எந்த இல்லத்துக்குப் போனாலும் வடக்கிலிருந்து வந்த பெண்கள் இருப்பார்கள். அவர்கள் உழைப்பில் குறை இல்லை, ஆனால் குழறிப் பேசுகிற கிழவியின் தமிழைப் புரிந்துகொள்ளத் தமிழ்க்காரிக்கே நேரம் ஆகும். முதல் இடத்தில் ராத்திரி இருந்த பெண்ணுக்குத் 'தண்ணி', 'வலி' இரண்டும் தவிர ஒன்றும் தெரியாது. இங்கே ராத்திரி இருவரில் ஒருவராவது தமிழ் பேசுகிறவராக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பத்து பைசா செலவில்லாத ஏற்பாடு.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. 52,000 என்பது 52,000 இல்லை. டயப்பர் எம்ஆர்பி விலைக்கு, ஏர் பெட்டுக்கு மாத வாடகை, சர்க்கரை பார்க்கத் தனி, டாக்டர் எட்டிப் பார்த்தால் தனி. ஜிஎஸ்டியும் சேர்ந்து 68,000 வரை வந்திருக்கிறது. இரண்டாவது இடத்தில் டயப்பரை நாமே மொத்தக் கடையில் வாங்கிக் கொடுக்கலாம், எல்லாம் சேர்த்து 32,000-க்குள் நிற்கிறது. முன்பணத்தைத் திரும்ப வாங்க முதல் இடத்தில் நான்கு கடிதம் எழுத வேண்டியிருந்தது, அறைக்கு 'பெயின்டிங் சார்ஜ்' பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அந்தச் சுவரில் என் அம்மா எழுந்து போய் என்ன கிறுக்கியிருப்பார் என்று தெரியவில்லை.

பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, சொல்லாமல் போங்கள். உள்ளே விடவில்லை என்றால் அதுவே ஒரு பதில். விட்டால், ராத்திரி டியூட்டி ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள், அதில் உள்ள பெயரைச் சொல்லி ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். படுக்கையில் இருக்கும் எல்லாருக்கும் மாதாமாதம் எடை பார்க்கிறார்களா, இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது, எத்தனை பேருக்கு ட்யூப் இருக்கிறது என்று கேளுங்கள். 'எங்க கிட்ட யாருக்குமே புண் வந்ததில்லை' என்பவரைவிட, 'இரண்டு பேருக்கு இருக்கு, ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டு வந்தது' என்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். முதியோருக்கு ஏதாவது கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 14567 இருக்கிறது, கட்டணம் கிடையாது.

முதல் இடத்துக்குப் படுக்கையாளி என்றால் ஐந்துக்கு இரண்டு. எழுந்து நடமாடுகிற, சமையல் கட்டு மட்டும் அலுத்துப்போன தம்பதிக்கு அதே இடத்துக்கு நாலு கொடுப்பேன். வாக்கிங் போக அதைவிட நல்ல இடம் கிடைக்காது, தனி அறையும் மரியாதையும் உண்டு. இரண்டாவது இடத்துக்கு நாலு. அந்த ஒன்று திரைக்காகக் குறைத்தது, கொசுவுக்காக இல்லை.

ஏப்ரலிலிருந்து 1,500 ஏற்றுகிறார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, கட்டிலை இருபது ஆக்கப் போவதாகவும் ராத்திரிக்கு மூன்றாவது ஆள் போடப் போவதாகவும் சொன்னார். இருபதுக்கு மூன்று என்றால் ஆளுக்கு ஏழு பேர்கூட இல்லை, இப்போதைக்கு எட்டு. சரிங்க என்று சொல்லிவிட்டேன். ரோஸ்டரில் அந்த மூன்றாவது பெயர் எப்போது ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏறியதும் இங்கேயே எழுதுகிறேன்.